மறுநாள் பெருநாள்

செய்தி வந்தபோது நான் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். பாலவனத்தத்துப் பெண் வீட்டார் கடையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். எதிரே இருக்கும் ஜவுளிக்கடையிலிருந்து நாகூர்கனியின் மருமகன் போன் செய்தார். "எங்க மாமா தவறிட்டாக. மத்தியானம் சாப்பிட்டு வீட்ல படுத்தவுக எந்திரிக்கல." நான் "சரிப்பா" என்றேன். சொல்லிவிட்டு, அண்டாவுக்குள் குண்டானை வைத்து, குண்டானுக்குள் சட்டியை வைத்து, சணல் போட்டு இறுக்கி, பில்லும் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கை பாட்டுக்கு வேலையைப் பார்த்தது. அவர்கள் வண்டி ஏறிப் போனபிறகுதான் எதிர்க் கடையை நிமிர்ந்து பார்த்தேன். கனி இதைப் பார்த்திருந்தால், "சரியாத்தான் செஞ்சிருக்க மாப்ள" என்று மெச்சியிருப்பார். அதை நினைத்ததும் வந்ததே ஓர் ஆத்திரம், அது அவர்மேலா என்மேலா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் கனியைத் தெரியாதவர்கள் குறைவு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துணி மூட்டையை பஸ்ஸின் மேலே ஏற்றி, திருச்சுழிப் பக்கமும் எம்.ரெட்டியபட்டிப் பக்கமும் தெருத்தெருவாக விற்றுப் பிழைப்பைத் தொடங்கியவர். பிறகு என் பாத்திரக்கடைக்கு எதிரே ஒரு சின்னக் கடை பிடித்தார். அதுவே வளர்ந்து மூன்று மாடியாயிற்று. அவர் ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, நான் உழவு பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. ஆனாலும் முதல் வருஷமே ஒருவரையொருவர் மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். எழுத்தில் மரியாதையாக 'அவர்' என்கிறேன். நேரில் 'ஏலே'தான்.

வியாபாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வருகிறவர் எந்த ஊர் என்று கேட்பார், அந்த ஊருக்கு ஏற்ற நிறத்தை எடுத்துப் போடுவார். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் கடையடைக்கப் போன சமயம், ரெட்டியபட்டியிலிருந்து பருத்தி எடுக்கும் கூலிக்காரக் குடும்பம் ஒன்று மூச்சிரைக்க வந்து நின்றது. அன்றைக்குத்தான் கூலி கைக்கு வந்திருந்தது. பையன்கள் எல்லாம் மடித்து அடுக்கிவிட்டார்கள். கனி பாதி இறங்கிய ஷட்டரைத் தன் கையாலேயே தூக்கிவிட்டு, "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டு, கைக்குழந்தைக்குச் சட்டை வரைக்கும் பார்த்து எடுத்துக் கொடுத்து அனுப்பினார். நான் என் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் வந்து சொன்னார்: "வாங்க வந்தவுகள நாளைக்கு வாங்கன்னு மட்டும் சொல்லிறக் கூடாது மாப்ள. வீட்டாளுக நமக்காகக் காத்திருப்பாக. வந்தவுக காத்திருக்க மாட்டாக." எனக்குப் புல்லரித்துவிட்டது. வேலைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் நானும் இதையே சொல்லி வந்தேன்.

அந்தக் குடும்பத்துக்கு அன்று அவர் செய்தது நல்ல காரியம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வாசகத்தின் மறுபாதி எங்கே போய் விடிந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

நோன்பு முடிந்து பிறை தெரிந்துவிட்டது என்று பள்ளிவாசலில் அறிவித்தவுடன் ஜவுளிக்கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. கனி விடியக்காலையில்தான் வீட்டுக்குப் போவார். குளித்து, பெருநாள் தொழுகைக்குப் போய், திரும்பி வந்து படுத்தால் அன்று பூராவும் தூக்கம். வீட்டில் அவர் மனைவி செய்யதம்மா என்ன செய்வார் பாவம், பிரியாணியை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார். முதலில் ஒரு வருஷத்துக்கு என்றுதான் தள்ளினார்கள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஊரெல்லாம் கொண்டாடி முடித்து ஏப்பம் விட்டபிறகு கனி வீட்டில் கறி வேகும். மகள் பர்வீனும் மகன் அன்சாரியும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள். முதல் நாள் 'ஊர்ப் பெருநாள்', மறுநாள் அப்பா பேரில் 'அத்தா பெருநாள்'. என் வீட்டுக்கு வருஷாவருஷம் தூக்குவாளியில் பிரியாணி வருவதும் மறுநாள்தான். நாங்கள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். கனிக்கும் அதில் ஒரு பெருமை. "நமக்கு மட்டும் ரெண்டு பெருநாள் மாப்ள" என்பார்.

பெருநாளோடு நின்றதா? மச்சினிச்சி கல்யாணம் நரிக்குடியில் நடந்தது. முகூர்த்த சீசன், கடையை விட்டுவிட்டு எப்படிப் போவது? மறுநாள் போனார், வீட்டில் எல்லோருக்கும் உடுப்பு எடுத்துக்கொண்டு. போய் இறங்கும்போது பந்தல்காரர்கள் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்களாம். அவர்களில் ஒருவர் பாவப்பட்டு, வண்டியில் ஏற்றியிருந்த நாற்காலி ஒன்றை இறக்கிப் போட்டு, "உக்காருங்க பாய்" என்றாராம். இதை அவரே நடித்துக் காட்டி எங்களை வயிறு வலிக்கச் சிரிக்கவைப்பார். பர்வீனுக்குப் பிள்ளை பிறந்தபோதும் மறுநாள்தான். கட்டுக்கட்டாக மெல்லிசுப் பருத்தித் துணி கொண்டுபோனார். கேட்டால், "எல்லாம் குடும்பத்துக்காகத்தானே மாப்ள" என்பார். இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. கடைத்தெருவில் இதைச் சொல்லாத வாய் எது? என் வாயும் சேர்த்துத்தான்.

ஒருமுறை செய்யதம்மா கடைக்குக் கரண்டி வாங்க வந்தவர், பேச்சுவாக்கில் சொன்னார்: "உங்க மாப்ளைய நான் குறை சொல்லலண்ணே. ஆனா பெருநாள் அன்னைக்கு அவுக தூங்குற தூக்கத்தப் பாத்தா எழுப்பவும் மனசு வரல, பக்கத்துல சும்மா உக்காந்திருக்கவும் மனசு வரல. அதான் நரிக்குடிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாரேன்." நான் "அதுக்கென்ன, போயிட்டு வாம்மா" என்று கரண்டியைத் தாளில் சுற்றிக் கொடுத்தேன், அதோடு மறந்தும் போனேன்.

போன வருஷம் கடைப் பொறுப்பை மருமகனிடம் கொடுத்துவிட்டு, கனி ஒரு முடிவுக்கு வந்தார். அந்த வருஷம் பெருநாளைப் பெருநாளன்றே கொண்டாடுவது. வீட்டில் சொல்லவில்லை. திடீரென்று போய் நின்று அசத்த வேண்டும் என்ற ஆசை. பிறை தெரிந்ததும் மல்லிகைப் பூவோடு கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் எனக்குப் போன் வந்தது.

"மாப்ள, வீட்ல ஆளு இல்லடா."

"செய்யதம்மா எங்க?"

"நரிக்குடிக்குப் போயிருக்காளாம். வருசாவருசம் முந்தின நாளே போயி, நான் தூங்கி எந்திரிக்கிறதுக்குள்ள வந்துருவாளாம். பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியுது."

"அப்ப இத்தன வருசமா விடியக்காலம் போயி நீ யாரப் பாத்த?"

கனி சொன்னார்: "அவ உள்ரூம்ல தூங்குறான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன் மாப்ள. முழிச்சிறக் கூடாதுன்னு வெளக்கக் கூடப் போடாம, செருப்பக் கையில எடுத்துக்கிட்டு, பூனை மாதிரி நடந்து போயிக் குளிப்பேன்."

ஆளில்லாத வீட்டில், யார் தூக்கமும் கலைந்துவிடக் கூடாது என்று ஒரு மனிதர் வருஷக்கணக்காகப் பதுங்கிப் பதுங்கி நடந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

காலையில் தொழுகை முடிந்ததும் என் வண்டியிலேயே அவரை நரிக்குடிக்குக் கூட்டிப் போனேன். தெருவில் இறங்கும்போதே உள்ளே பெண்களின் சிரிப்புச் சத்தம். செய்யதம்மா நடுவில் உட்கார்ந்து யாரையோ மாதிரி பேசிக் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இப்படிப் பேசத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வாசலில் கனியைப் பார்த்ததும் முகம் வெளிறி எழுந்து ஓடிவந்தார்.

"என்னங்க ஆச்சு? கடைக்கு என்னமும் ஆகிப்போச்சா? உடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல. பெருநாளுக்கு வந்தேன்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நான் ஏதாவது கெட்ட சேதியை மறைக்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "நமக்கு நாளைக்குத்தானே?" என்றார். அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். திட்டியிருந்தால்கூடக் கனி ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்.

உள்ளே நாலு நாலு பேராக ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். சகன் என்பார்கள் அதை. ஆண்கள் பக்கமும் எல்லாத் தட்டும் நிறைந்துவிட்டது. எங்களுக்கு நாற்காலி போட்டு, தனித்தனித் தட்டில் செய்யதம்மாவே கொண்டுவந்து வைத்தார். எனக்குத் தனித் தட்டு சரி, நான் விருந்தாளி. அவருக்கும் தனித் தட்டு. கனி தலையைத் தூக்காமல் சாப்பிட்டார்.

திரும்பும்போது திருச்சுழியில் டீ குடிக்க நிறுத்தினேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "சிரிச்சுக்கிட்டு இருந்தா மாப்ள. என்னயப் பாத்ததும் நிறுத்திட்டா." நான் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு, "அடுத்த வருசம் முன்னாடியே சொல்லிட்டுப் போடா" என்றேன். "அடுத்த வருசம் அவகூடவே பஸ்ஸுல போறேன், பாரு" என்றார்.

அதன்பிறகு மெனக்கெட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். முதலில் ரொம்பத் திண்டாட்டம். "சேலை எடுக்க வந்தவுககிட்ட விடிய விடியப் பேசுவேன் மாப்ள. இவகிட்ட ரெண்டாவது வார்த்தை வரமாட்டேங்குது" என்று என்னிடம் வந்து புலம்பினார். "என்ன சேலை வேணும்னு கேளு" என்று கிண்டல் செய்தேன். அடுத்த நாள் அதையே கேட்டுவைத்திருக்கிறார் மனிதர். இத்தனை காலத்தில் தன்னிடம் அதைக் கேட்டதே இல்லை, கடையில் மீந்ததுதான் வீட்டுக்கு வரும் என்று செய்யதம்மா சிரித்தாராம். சிரித்ததைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மூன்று மாடி கட்டிய அன்றுகூட அந்தச் சந்தோஷம் இல்லை. தை மாதம் ஒருநாள் இருவரும் நரிக்குடி பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனதை நான் பார்த்தேன். ஜன்னல் வழியாக எனக்குக் கை காட்டினார். இந்தப் பெருநாளை எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். நோன்பு தொடங்கச் சில நாள் இருக்கும்போது அந்தப் போன் வந்தது.

ஏலே கனி, எல்லாத்துக்கும் மறுநாள் வந்தவனே, இதற்கு மட்டும் ஏன்டா முந்திக்கொண்டாய்?

பெருநாள் வந்தது. செய்யதம்மா இத்தாவில் இருக்கிறார். கணவர் போனபின் வெளி ஆண்களைப் பார்க்காமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. நான் போய் ஆறுதல் சொல்லவும் வழியில்லை. என் வீட்டுக்காரி பாண்டியம்மாள்தான் போய்வந்தாள். அடுப்பே பற்றவைக்கவில்லை என்றாள். மறுநாள் சாயங்காலம், கடைத்தெருவில் கூட்டம் கூடுகிற நேரம், பர்வீன் என் கடை வாசலில் வந்து நின்றாள். கையில் தூக்குவாளி.

"அம்மா குடுத்துவிட்டாக மாமா."

"ஏம்மா, இந்த வருசமும் எதுக்கு?"

"நாங்களும் வேணாம்னுதான் சொன்னோம். காலையில எந்திரிச்சு, 'இன்னைக்குத்தானே உங்க அத்தா பெருநாள்'னு சொல்லிக்கிட்டு அரிசியக் கழுவுனாக." தூக்குவாளியை என் பக்கம் நீட்டினாள். "போன பெருநாள்ல ஒரே தட்டுல வச்சு, அவுக பக்கத்துல உக்காந்துருக்கலாம், கூறுகெட்டவ தனித் தட்டக் குடுத்தேனேன்னுதான் அழுதுக்கிட்டு இருக்காக மாமா."

தூக்குவாளியை வாங்கிக்கொண்டேன். அடி சுட்டது. பாண்டியம்மாளுக்குப் போன் செய்து, "சாப்புட்றாத, வாரேன்" என்றேன். "கடைக்கு என்னமும் ஆச்சா?" என்றாள். எனக்குச் சுரீர் என்றது. ஒன்றும் ஆகவில்லை என்று அவளை நம்பவைப்பதே பெரும்பாடாகிவிட்டது. பையன்களை அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினேன். பாதி இறக்கும்போது ஒரு குடும்பம் வந்து நின்றது, புது வீட்டில் பால் காய்ச்சப் பாத்திரம் வேண்டுமாம், முகூர்த்தம் அடுத்த வாரமாம்.

கனியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வாசகம்தான். வியாபாரத்தில் என்னை ஆளாக்கிய வாசகம். அதை இனிமேல் எந்தப் பக்கமாகப் பிடிக்க வேண்டும் என்பதையும் அவரே காட்டிவிட்டுப் போய்விட்டார்.

"நாளைக்கு வாங்க," என்றேன் அவர்களிடம், என் ஆயுளில் முதல் தடவையாக. ஷட்டரை முழுசாக இறக்கிப் பூட்டிவிட்டு, சூடு ஆறுவதற்குள் வீட்டுக்குப் போனேன்.