தோசா நாட்டு மரச்செருப்பு

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கல்கத்தா டல்ஹௌசியில் ஒரு தேயிலைக் கம்பெனியில் ஸ்டெனோ. ஜப்பானிலிருந்து வரும் கடிதங்களின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில், ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் வங்காளி ஒருவரை மணந்து டாலிகஞ்சில் வாழ்ந்த ஜப்பானியப் பெண்மணி. எல்லோரும் அவரை வங்காள வழக்கப்படி தீதி, அக்கா, என்றே கூப்பிட்டோம்.

முதல் நாள் பெங்காலியில் சொன்னார், "என் ஊர் கொச்சி."

"கேரளாவில் இருந்தீர்களா?" என்று கேட்டுவிட்டேன்.

சிரித்தபடி பலகையில் நான்கு தீவுகள் வரைந்தார். இருப்பதில் சின்னத் தீவின் தென்கரையில் புள்ளி வைத்தார். "இந்தக் கொச்சி. அப்பா மட்டும் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்வார். தோசா."

வகுப்பே சிரித்தது. லேக் மார்க்கெட் ஹோட்டல்களில் வங்காளிகள் கேட்டுச் சாப்பிடுவதும் தோசாதானே. ஆனால் எனக்கு ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. நம் கொங்கு நாடு மாதிரி ஒரு நாடு. அதன் பெயரை ஏன் எடுத்தார்கள்? மெட்ராஸ் ஸ்டேட் தமிழ்நாடு ஆனபோது எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். அங்கே யாராவது கொண்டாடினார்களா?

காலேஜ் ஸ்ட்ரீட் நடைபாதையில் பழைய அட்லஸ் ஒன்றில் தோசா இருந்தது. அதற்கு மேல் விவரமில்லை. தீதிக்கும் சரியாகத் தெரியவில்லை. "அப்பாவுக்கு எழுதுகிறேன்," என்றார்.

ஆறு வாரம் கழித்து நான்கு பக்கம் வந்தது. தீதி வகுப்பில் படித்து அர்த்தம் சொன்னார். தோசாவின் பழைய பிரபு ஒரு பெரிய போரில் தோற்ற பக்கம் நின்றாராம். வெளியிலிருந்து வந்த புதிய பிரபு தன் ஆட்களை மேலே வைத்து, பழைய வீரர்களைக் கீழே தள்ளினார். கீழே இருந்தவர்கள் மரச்செருப்புப் போடக்கூடாது. தீதியின் முன்னோர் அந்த வரிசை. பல தலைமுறைக்குப் பின் பிரபுக்களின் ஆட்சி ஒழிந்து, தோசா கொச்சி மாவட்டமானது. அவருடைய கொள்ளுத் தாத்தா முதல் வேலையாக மரச்செருப்பு வாங்கி, வார் காலை அறுக்கும்வரை கோட்டைச் சாலையில் நடந்தாராம்.

"அப்படியானால் அப்பா ஏன் பழைய பெயரையே சொல்கிறார்?"

தீதி கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "அதை எழுதவில்லை. நீயே கேள்."

அரைகுறை ஜப்பானியத்தில் எழுதினேன். தீதி பதினோரு பிழை திருத்தினார். பதில் என் பெயருக்கே வந்தது. அகராதியோடு இரண்டு நாள் உட்கார்ந்து நானே படித்தேன். தோசா அந்தப் பிரபுக்களைவிடப் பல நூறு வருஷம் மூத்த பெயர், அவர்கள் போனதற்காக நான் எதற்கு அதை விடவேண்டும் என்று கேட்டிருந்தார்.