துரையின் மேல் பூசிய கதாநாயகன்

1. கொம்பு

எண்பதுகளில் ஒரு தீபாவளிக் காலை. கோலாலம்பூர் செந்தூலில் என் பிளாட் கதவை யாரோ இடித்தார்கள். திறந்தால் முதலாளி ஞானம். எண்ணெய் ஸ்நானத்தின் பாதியில் எழுந்து வந்திருக்கிறார். தலையிலிருந்து நல்லெண்ணெய் காது வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"டேய் அந்தோணி, கிள்ளான்ல தலைவருக்குக் கொம்பு மொளச்சிருக்குடா! தியேட்டர்லேர்ந்து போன். பிரஷ்ஷெல்லாம் எடு, வேன்ல ஏறு."

நான் வேதக்காரன். எனக்குத் தீபாவளி கிடையாது, லீவு மட்டும்தான். அன்று அதுவும் போயிற்று.

சினிமா பேனர் எழுதுவது எங்கள் தொழில். தலைவர் என்றால் அந்தத் தீபாவளிப் படத்தின் கதாநாயகன். பிரிக்பீல்ட்ஸில் கடைவரிசைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் முதலாளி, நான், பலகைகள், கொசு. இன்று கம்ப்யூட்டரில் அடித்து அரைமணியில் ஒட்டிவிடுகிறார்கள். அதற்காக நான் அழுகிற ஆள் இல்லை. எனக்கு முதுகு வலி குறைந்திருக்கிறது. ஆனால் அந்தக் கொம்பு எப்படி முளைத்தது என்று இளைஞர்களுக்குப் புரிய வேண்டுமானால், நாங்கள் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பெரிய பிளைவுட் பலகைகளில் துண்டு துண்டாக வரைவோம். தியேட்டருக்குப் போய்த்தான் அவை ஒன்றுசேரும். தலை ஒரு பலகை, நெஞ்சு ஒரு பலகை, கால் ஒரு பலகை. எந்தப் படமானாலும் கதாநாயகனின் கழுத்து தலைப் பலகையின் அடிவிளிம்பில்தான் முடிய வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். அப்படியிருந்தால் ஒரே உடம்பை இரண்டு படத்துக்கு ஓட்டலாம். கலர் பவுடரை வஜ்ஜிரப் பசையில் கரைத்துப் பூசுவோம். மலிவு. தண்ணீர் பட்டால் கரையும். பேனர் தியேட்டர் போர்ட்டிகோவுக்குக் கீழே நிற்பதால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

2. என் சொந்த நடிகர்கள்

மாதம் முழுவதும் அடுத்தவன் மூஞ்சியை வரைகிறவனுக்கு ஒரு கட்டத்தில் வெறுத்துப் போகும். எனக்குச் சீக்கிரமே வெறுத்தது. அதனால் வேலை முடிந்தபின் எனக்கென்று மூன்று நடிகர்களை வைத்துக்கொண்டேன்.

ஒன்று, கொட்டகைக் கூரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சந்தேகமாகப் பார்க்கும் காக்கை. தோட்டத்துக் கணக்குப்பிள்ளையின் பார்வை என்பதால் அதற்குக் 'கிராணி' என்று பெயர். அவனைக் கிட்டார் பிடித்த பாப் பாடகனாக வரைந்தேன். இரண்டாவது, பெரிய கால்வாயில் குடியிருந்த உடும்பு. ஹாங்காங் சண்டைப் படங்கள் ஓடிய காலம். அவன் காலைத் தூக்கி உதைக்கிறமாதிரி வரைந்தேன். மூன்றாவதுதான் துரை.

துரை ஒரு வெள்ளாடு. யாருடையது என்று யாருக்கும் தெரியாது. தோட்டத்துத் துரை பாணியில் காலையும் மாலையும் பிரிக்பீல்ட்ஸைச் சுற்றிப் பார்வையிடுவான். சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டர்களைத் தின்பதுதான் அவன் உத்தியோகம். பசையின் ருசிதான் காரணம். வெற்றிப் படம், தோல்விப் படம் என்று பாகுபாடு பார்க்காமல் தின்ற ஒரே விமர்சகன் அவன்.

அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, தோல் ஜாக்கெட்டின் காலரைத் தூக்கிவிட்டு, தாடி காற்றில் பறக்க ஒரு கதாநாயகப் பார்வை கொடுத்தேன். பவுடர் கலரில் இல்லை. நல்ல ஆயில் பெயிண்டில். நான் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

புதுப் பலகை வாங்க முதலாளி விடமாட்டார். அதனால் பழைய பேனர் பலகையின் பின்பக்கத்தில் வரைந்திருந்தேன். கைப்பழக்கம், துரையின் கழுத்தும் சரியாக அடிவிளிம்பில் முடிந்தது.

கோலாலம்பூரில் ஓவியக் கூடம் வைத்திருந்த மிஸ் சோங், துரை ஓவியத்தின் போட்டோவைப் பார்த்துவிட்டு, கண்காட்சியில் முன்சுவரையே தருகிறேன் என்று சொல்லியிருந்தார். தீபாவளிக்கு அடுத்த வாரம் நேரில் வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. பேனர்க்காரன் என்ற பேரிலிருந்து ஓவியன் என்ற பேருக்குத் தாண்ட எனக்கிருந்த ஒரே பாலம் அந்த ஆடு.

அந்தப் பலகையின் முன்பக்கத்தில்தான் முதலாளி நான் இல்லாத நேரம் பார்த்து வெள்ளை அடித்து, "இதுல தலைவரு தலையப் போடு" என்றார். போட்டேன். படம் ஓடி முடிந்ததும் பலகை திரும்பி வரும், மிஸ் சோங்கிடம் கொஞ்சம் தவணை கேட்கலாம் என்பது என் கணக்கு.

3. யாருக்கு உடைத்த தேங்காய்

கிள்ளான் தியேட்டர் வாசலில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து நின்றது. இந்தப் பக்கம் ரசிகர் மன்றம், கோபத்தில். எதிர்ப்பக்கம் காப்பிக்கடை, சிரிப்பில்.

நிமிர்ந்து பார்த்தேன். அரிவாளைப் பிடித்த கை, பட்டன் திறந்த சட்டை, அகன்ற நெஞ்சு, அதன் மேல் துரை. கழுத்து இம்மி பிசகாமல் பொருந்தியிருந்தது. உள்ளுக்குள் எனக்கு வந்தது பெருமைதான். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

துரையின் கழுத்தில் ஆளுயர மாலை தொங்கியது. கீழே உடைத்த தேங்காய், கற்பூரக் கரி.

ரசிகர் மன்றச் செயலாளர் மணியம் முன்னால் வந்தான். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பேக்டரிக்கு லோரி ஓட்டுகிறவன். நல்ல உடம்பு. கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, விடியறதுக்கு முன்னால மூங்கில்ல கட்டி மாலை போட்டேன். தேங்கா ஒடைச்சேன். கன்னத்துல போட்டுக்கிட்டேன். வெளிச்சம் வந்தப்புறம் பாக்குறேன். சொல்லுங்க, நான் யாருக்கு தேங்கா ஒடைச்சேன்?"

முதலாளி எங்கள் இருவருக்கும் நடுவே வந்து நின்றார்.

"மணியம், இது டெக்னிக்கல் பிராப்ளம்லா," என்றார் முதலாளி.

"டெக்னிக்கலுக்குத் தாடி இருக்குமா பாஸ்?"

நடந்தது இதுதான். முந்தின நாள் மாலை பலகைகளை லோரியில் ஏற்றும்போது மழை. மழையென்றால் ஈரப் பெயிண்டைக் கீழ்ப்பக்கமாகக் கவிழ்த்து ஏற்றுவது எங்கள் வழக்கம். தலைவரின் முகத்தை நான் கடைசியில்தான் முடித்தேன், காயவில்லை. கவிழ்ந்த முகம் லோரித் தளத்து ஈரத்தில் கிடந்து குழம்பிவிட்டது. கிள்ளானில் பலகை ஏற்றும் ஆட்கள் இருட்டும் நேரத்தில் இரண்டு பக்கத்தையும் பார்த்திருக்கிறார்கள். ஒரு பக்கம் கலங்கல், மறுபக்கம் பளபளப்பு. கலங்கியது பழசு, பளபளப்பது புதுசு என்று முடிவு கட்டிவிட்டார்கள். கேட்டபோது ஒருவன் சொன்னான்: "கண்ணாடி போட்டிருந்துச்சுண்ணே. தலைவருன்னு நெனச்சிட்டோம்."

பலகையை இறக்கித் திருப்பினோம். தலைவரின் மூக்கு காது வரைக்கும் ஓடியிருந்தது. ஊறிய பலகை, திரும்பப் பூசினாலும் நிற்காது.

"பாஸ், புதுப் பலகை வாங்கிட்டு வாங்க. வரைஞ்சு தரேன்," என்றேன்.

"வெள்ளை அடிச்சு, அது காஞ்சு... பதினோரு மணிக்கு ஷோடா. அதோ, அந்தப் பக்கம் நல்லாத்தானே காஞ்சிருக்கு? அதுமேல போடு."

அந்தப் பக்கம் என்றால் துரை.

"அது என் படம் பாஸ்."

"பலகை என்னுது."

சோப்புத் தண்ணீரால் துரையின் முகத்தைத் துடைத்தேன். சோப்புப் போடாவிட்டால் ஆயில் பெயிண்டின் மேல் பவுடர் கலர் ஒட்டாமல் உருளும். போட்டாலும் அது வெறும் மேல்பூச்சுதான். ஈரத்துணியால் வழித்தால் வந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் பிரஷைத் தொட்டேன். கொம்பை முடியாக்கினேன். தாடியை மோவாயாக்கினேன். கறுப்புக் கண்ணாடியை மட்டும் தொடவில்லை. அதைவிட நன்றாக அந்த அவசரத்தில் வராது.

முடிந்ததும் மணியம் நீண்ட நேரம் பார்த்தான்.

"அண்ணே, இத்தனை வருஷத்துல இப்பதான் தலைவரு கண்ணுல உயிரு இருக்கு."

கண்ணே வரையவில்லை என்று நான் சொல்லவில்லை. மாலையைக் கழற்றித் திரும்பவும் போட்டார்கள். புதுத் தேங்காய் உடைந்தது.

4. முன்சுவர்

மிஸ் சோங் வந்தார். கிராணியையும் உடும்பையும் காட்டினேன். "ஆடு எங்கே?" என்றார். "கிள்ளானில், ஒரு நடிகருக்கு அடியில்," என்றேன். அவர் அதை நவீன ஓவியக் கருத்து என்று எடுத்துக்கொண்டு வெகுவாகப் பாராட்டினார். நான் மறுக்கவில்லை. காக்கைக்கும் உடும்புக்கும் இடம் கிடைத்தது, டாய்லெட்டுக்குப் போகும் வழியில். பலபேர் பார்த்தார்கள், அவசரமாகப் பார்த்தார்கள்.

படம் ஓடி முடிந்தவுடன் ஈரத்துணியோடு கிள்ளானுக்குப் போனேன். தலைப் பலகை அங்கே இல்லை. மன்றத்தைச் சமாதானப்படுத்த முதலாளி அதை மணியத்துக்கே தூக்கிக் கொடுத்திருந்தார். நேராக மணியத்தின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"தலைவரையா? என் பொணத்து மேலதான் எடுத்துட்டுப் போவணும்ணே," என்றான். தேத்தண்ணி கொடுத்துத்தான் சொன்னான். ஹாலில் மாலையும் விளக்குமாக என் ஆடு இருந்தது, தலைவரின் மூஞ்சியைப் போர்த்திக்கொண்டு. வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. ஆட்டுக்காக அழுகிறாயா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

5. தலைவர் கரைந்தார்

தொண்ணூறுகளில், பேனர் தொழிலை விட்டுக் கடைகளுக்கு சைன்போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மணியத்திடமிருந்து போன். குரல் மெதுவாக வந்தது.

"அண்ணே, கொஞ்சம் வீட்டுக்கு வாங்க. தலைவரு கரைஞ்சிட்டாரு."

அவன் மனைவி சாந்தி, தீபாவளிக்கு வீடு துடைத்தபோது ஈரத்துணியைப் பலகை மீதும் ஓட்டியிருக்கிறாள். நான் போனபோது சுவரில் துரை இருந்தான். தாடி, கொம்பு, காலர், எல்லாம் அப்படியே. ஒரு கீறல் இல்லை.

சாந்தி வாசலில் வைத்தே, "அங்கிள், நான் வேணும்னு செய்யல," என்றாள். மணியம் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மணியம், நான் உனக்குத் தலைவரைப் புதுப் பலகையில, இதைவிடப் பெருசா வரைஞ்சு தரேன். ஒண்ணும் வேணாம். இதை மட்டும் குடு," என்றேன். என் குரல் கெஞ்சியது எனக்கே கேட்டது.

அவன் எழுந்து வந்து பலகையின் பக்கத்தில் நின்றான்.

"போன வருஷம் தலைவரு ஸ்டேஜ் ஷோவுக்கு இங்க வந்தாருண்ணே. ஏர்போர்ட்ல மாலையோட நின்னேன். கார் கண்ணாடியக்கூட எறக்கல. மாலை கையிலயே வாடிப் போச்சு. அதைக் கொண்டாந்து இங்கதான் போட்டேன். இவனுக்குத்தான் போட்டிருக்கேன்னு இப்பல்ல தெரியுது." சிரித்தான். "லோரி விட்டு எறங்கி வந்தா ஒடம்பெல்லாம் வலிக்கும். இந்த ரெண்டு நாளா உள்ள நொழைஞ்சதும் சிரிப்பு வந்துருதுண்ணே. சாந்தியும் சிரிக்கிறா. தர முடியாது. மன்னிச்சிக்குங்க."

"அப்புறம் எதுக்குடா என்னைக் கூப்பிட்ட?"

"சொவரு மழைக்கு ஈரம் பிடிக்குது. இவனும் கரைஞ்சிருவானோன்னு பயமா இருக்கு. அதைக் கேக்கத்தான்."

கோபப்படத்தான் நினைத்தேன். வரவில்லை. எந்தக் கூடத்தின் முன்சுவரிலும் என் படம் தொங்கியதில்லை. இந்த வீட்டில் ஹாலின் நடுச்சுவர். படத்தைப் பார்த்தவர்கள் நிறைய உண்டு. அது போய்விடுமோ என்று பயந்தவன் இவன் ஒருவன்தான். பலகையை இறக்கி, பின்பக்கத்து ஈரத்தைத் துடைத்து, சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப் போக நான்கு மரத்துண்டு வைத்து, என் கையாலேயே திரும்ப மாட்டினேன்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சம்பளத்துக்கு வரைவதைத் தண்ணீர்க் கலரில் வரையுங்கள், தப்பில்லை. உங்களுக்கென்று ஒரு ஆடு இருந்தால் அதை மட்டும் ஆயில் பெயிண்டில் வரையுங்கள். பலகையும் உங்களுடையதாக இருக்கட்டும்.

"கரையாது மணியம்," என்றேன். "நமக்கப்புறமும் இருப்பான்."