மண்மூட்டையின் நிறம்

யுத்தத்தின் கடைசியில் கடற்கரையில் கொல்லப்பட்ட எங்கள் சனத்தின் நினைவுநாள் நாடகத்துக்கு மண்மூட்டை தைத்துத் தரச் சொன்னார்கள். நிறநிறமான பழைய சேலைகளில் தைத்து, மணலும் நிரப்பிக் கொடுத்தேன். நாடகம் போடும் தம்பிக்கு முகம் சுருங்கியது.

"என்னக்கா, கலியாணவீடு மாதிரிக் கிடக்கு. சனம் அழவெல்லோ வேணும்!"

எங்களைவிட இவருக்குத்தான் யுத்தம் தெரியும்!

ஈரமணல் மணத்தது. அந்தக் கடற்கரையில் இருந்தபோது எனக்கு ஒன்பது வயது. குண்டுக்குப் பதுங்க வெட்டிய பங்கரைச் சுற்றி அடுக்க உரப்பை ஒன்றும் கிடைக்காமல், அம்மா கைமெஷினில் தன் சேலைகளை மூட்டைகளாகத் தைத்தார். நான் பால்மாத் தகரப்பேணியால் மணல் அள்ளிப் போட்டேன். கடைசியாகத் தன் கலியாணக் கூறைச்சேலையை எடுத்தார்.

"அதையாவது வையுங்கோவன், அம்மா."

"சீலை மிஞ்சி என்னத்துக்கு? நீ மிஞ்சவேணும், பிள்ளை."

இதைத் தம்பிக்குச் சொன்னேன். "நல்ல கதை அக்கா" என்றவர், மண்நிறப் பெயின்ற் வாளியைத் திறந்து என் மூட்டைகளின் மேல் பூசத் தொடங்கினார்.