பவழமல்லி அவென்யூவுக்கு வந்த படகு

அன்புச்செல்வியின் உயரம் நாலடி எட்டு அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் சென்னையில் வெள்ளத்தை உடம்பை வைத்துத்தான் அளக்கிறோம்: கணுக்கால், முட்டி, இடுப்பு. அவளுக்கு இடுப்பு என்றால் எனக்குத் தொடை. எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சுப்புராயன் ஆறடி ஆசாமி, அவருக்கு முட்டிக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் அவர் இதுவரை எந்தத் தண்ணீரிலும் இறங்கியதில்லை என்பதால் அவர் கணக்கை விட்டுவிடலாம்.

அன்பு பதினோரு வருஷமாக அடையாறு பவழமல்லி அவென்யூவில் எங்கள் வீட்டில் வேலை செய்கிறாள். பாத்திரம், துணி, தரை. சங்க அலுவலகத்தையும் வாரம் ஒருமுறை அவள்தான் பெருக்கித் துடைக்கிறாள். அவள் வீடு ஆற்றங்கரையில், செல்லியம்மன் தோட்டத்தில். பெயர்தான் தோட்டம்; நூற்று இருபது வீட்டுக்கு ஒரே ஒரு முருங்கை மரம். அது அன்பு வீட்டு மரம். அதில் பாதிக் காயைப் பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் பறித்துவிடுகிறாள் என்பது அன்புவின் நிரந்தரப் புகார். அன்பு பத்தாவது பாஸ், கணக்கில் எண்பத்தெட்டு. கணவன் செம்பியன் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். பத்து மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டே பீடி பற்றவைப்பான். அன்புவிடம் மட்டும்தான் பயம்.

நான் வைதேகி. காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருஷ உத்தியோகம். ஓய்வு பெற்றவர்கள் காசிக்குப் போவார்கள். நான் மழை அளக்க ஆரம்பித்தேன். இணையத்தில் 'மழைப்புள்ளி' என்று ஒரு வரைபடம், சில கல்லூரி ஆசிரியர்கள் தொடங்கியது. எங்களைப் போன்ற அரைக்கிறுக்குகள் மொட்டை மாடியில் பிளாஸ்டிக் மழைமானி வைத்து, தினம் காலை எட்டரைக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துப் போனில் ஏற்ற வேண்டும். தெருவில் தண்ணீர் நின்றால் ஆழத்தையும் ஏற்ற வேண்டும். ஆளுக்கு ஓர் எண், அவரவர் வீட்டின் மேல் ஒரு புள்ளி. பச்சை என்றால் சுகம், சிவப்பு என்றால் வெள்ளம். அடைமழை நாளில் மாநகராட்சிக் கட்டுப்பாட்டு அறையும் இதைப் பார்த்துத்தான் மோட்டாரும் படகும் அனுப்பும். தென்சென்னைக்கு நான்தான் பொறுப்பாளர். மாம்பலம், மயிலாப்பூர், வேளச்சேரி எல்லாம் என் ராஜ்ஜியம்.

அந்த ராஜ்ஜியத்தில் ஆற்றங்கரையில் மழை அளக்க ஒருவர்கூட இல்லை. நாலு வருஷத்துக்கு முன் அன்புவிடம் ஒரு மழைமானியைக் கொடுத்தேன். எங்கள் பின்பக்க பால்கனியில் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனில் பதிவு செய்தாள். 'நீங்கள் இருக்கும் இடத்தையே குறிக்கட்டுமா?' என்று அது கேட்டது. அன்பு என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், ஆம் என்று அழுத்திவிட்டாள். அடுப்பில் பால் பொங்கியது. நான் உள்ளே ஓடினேன்.

திரும்பி வந்து விதிகளைச் சொன்னேன். "மழை பெய்யாத நாள்லயும் பூஜ்யம்னு போடணும்டி. இல்லேன்னா மழையே இல்லையா, நீ தூங்கிண்டிருக்கியான்னு எப்படித் தெரியும்?"

"பெய்யாத மழைக்கு எதுக்குமா கணக்கு? வேற வேல இல்ல?" என்றாள்.

பூஜ்யத்தை மட்டும் அவள் போட்டதேயில்லை. ஆனால் மழை நாளில் ஒருநாள்கூடத் தவறியதில்லை. நூற்று எண்பது பதிவான அன்றைக்கு, "நம்ம தெருவுல குவார்ட்டர் பெய்ஞ்சிகீது" என்று செம்பியன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தானாம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த முதல் மழைக்காலத்திலேயே எங்கள் அவென்யூவின் மேல் ஒரு புள்ளி சிவப்பானது. எண் நாற்பத்து மூன்று. ஒருநாள் முட்டியளவு என்றது, இரண்டு நாள் கழித்து இடுப்பளவு என்றது. எங்கள் தெருவில் அதிகபட்சம் செருப்பு மிதக்கும். யாரோ பின்சந்துக்காரர் தப்பாக அழுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மழை அளப்பவர்களின் பட்டியலைத் திறந்திருந்தால் நாற்பத்து மூன்று யார் என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். திறக்கவில்லை. செல்லியம்மன் தோட்டத்தின் மேல் புள்ளியே இல்லையே என்பதும் எனக்கு உறைக்கவில்லை.

திறக்காததற்குக் காரணம் உண்டு. சுப்புராயன் அந்தச் சிவப்புப் புள்ளியைத் தேதியோடும் அளவோடும் பெரிதாக அச்சடித்து, மனுவில் சேர்த்து, எங்கெல்லாமோ கொடுத்துவிட்டு வந்தார். "கம்ப்யூட்டரே சொல்லுது மேடம், நாம ஏன் மறுக்கணும்?" என்றார். இரண்டே வருஷத்தில் அவென்யூவின் இரண்டு பக்கமும் ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்கு மழைநீர்க் கால்வாய் வந்தது. செருப்பு மிதப்பதும் நின்றது. திறப்பு விழாவில் சுப்புராயன் தானே வாங்கி வைத்திருந்த சால்வையை என் கையால் போர்த்திக்கொண்டார். வரைபடத்தை லேமினேஷன் செய்து சங்க அலுவலகத்தில் மாட்டினார்கள். எனக்கும் ஒரு பூங்கொத்து கிடைத்தது. வெட்கமே இல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

போன டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் நாளே வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்திவிட்டார்கள். வானிலை அறிக்கையைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம். காலை எட்டரைக்கு என் மழைமானியில் இருநூற்று ஒன்பது. அன்பு வேலைக்கு வரவில்லை. பதினோரு மணிக்கு மழை கொஞ்சம் விட்டபோது எங்கள் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. அதன் மேல் ஒரு ரப்பர் படகு. தெரு ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். நடுத்தெருவில் ஒரு நாய் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்தது.

மீட்புக் குழுவின் தலைவர் அக்பர் பாஷா டேப்லெட்டைக் கையில் பிடித்தபடி இறங்கினார். "யாரும்மா இங்க முழுகறது? இடுப்பளவு தண்ணி, நடக்க முடியாதவர் ஒருத்தர்னு போட்டிருக்கு," என்றார்.

சுப்புராயன் குடையோடு ஓடிவந்து படகு தெரிகிற மாதிரி ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். "எதுக்கும் இங்கேயே நிக்கட்டும் சார், ஒரு சேஃப்டிக்கு," என்றார்.

நான் உள்ளே போய்ப் பட்டியலைத் திறந்தேன், நாலு வருஷம் தாமதமாக. நாற்பத்து மூன்று: அன்புச்செல்வி. உடனே அவளுக்குப் போன் செய்தேன்.

"போட்டு வந்துச்சாமா?" அதுதான் அவளுடைய முதல் வார்த்தை.

"வந்திருக்குடி. ஆனா எங்காத்து வாசல்ல நிக்கறது."

"அந்தப் புள்ளிய நான்தாமா வேணும்னே உங்க வூட்டாண்ட வெச்சேன். இங்க வெச்சா எங்களத் தூக்கிடுவாங்க. எங்க அக்கா இருந்த எடத்துல அப்டித்தான் ஆச்சு. ஒருத்தன் மிஷினு எட்த்துகினு வந்தான், புள்ளி வெச்சான், கதவுல நம்பர் எழுதுனான். அப்பால லாரி வந்துச்சு. இப்ப அக்கா ஊருக்கு வெளில ஏழாவது மாடில கீது. லிஃப்ட்டு ஓடாது, வேலைக்கு வர மூணு பஸ்ஸு. தண்ணி வந்தா நாலு நாள்ல வடிஞ்சிடும்மா. லாரி வந்தா வடியாது." மூச்சு வாங்கினாள். "போட்டு உங்களாண்ட வந்தா, நீங்க இங்க இட்டாந்துடுவீங்கன்னு நெனச்சேன். இவுரு கட்டில் மேல குந்திகினு கீறாரு. தண்ணி கட்டிலத் தொட்டுடுச்சு."

பத்து மாடியில் தொங்கும் செம்பியன் இரண்டு வாரத்துக்கு முன் டீக்கடைப் படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டிருந்தான். தொடை வரைக்கும் மாவுக்கட்டு. அவனைத் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரில் நாலடி எட்டு அங்குலம் எங்கே நடப்பது?

அக்பர் பாஷாவிடம் விஷயத்தைச் சொல்லி, செல்லியம்மன் தோட்டத்துக்குப் போகச் சொன்னேன். அவர் தயங்கினார். "புள்ளி எங்கயோ அங்கதாம்மா நாங்க போவணும். அடுத்த புள்ளி வேளச்சேரில கீது. புள்ளி இல்லாத எடத்துக்குப் போனா மேல என்னை வறுத்துடுவாங்க. நீங்க அத்த மாத்துங்க, அஞ்சே நிமிஷத்துல அங்க நிப்பேன்."

பொறுப்பாளருக்கு அது ஒரே அழுத்தல். ஆனால் வீடு அவளுடையது. "மாத்தட்டுமாடி?" என்று போனில் கேட்டேன்.

அவளுக்கு முன்னால் செம்பியனின் குரல்தான் கேட்டது. "வாணாம்னு சொல்லு! காலு போனா போவுது. வூடு போனா எங்கடி போவோம்?"

"சனியனே, கொஞ்சம் வாய மூடு," என்று அவனிடம் சொன்னாள். அப்புறம் என்னிடம், "மாத்திடுங்கமா," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். பதினோரு வருஷத்தில் அவள் அழுது நான் கேட்டதில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அழுத்தினேன். சிவப்புப் புள்ளி எங்கள் தெருவிலிருந்து மறைந்து ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்தது. படகும் கிளம்பியது. சாயங்காலத்துக்குள் செம்பியனையும் இன்னும் பதினான்கு பேரையும் ஏற்றிவிட்டார்கள். மாவுக்கட்டு ஊறித் தோசைமாவாகிவிட்டதால் மறுபடி போட வேண்டியிருந்தது. சுப்புராயனுக்குப் படகு போய்விட்டதே என்று வருத்தம்.

புள்ளியோடு அதன் நாலு வருஷப் பதிவுகளும் சேர்ந்து இடம் மாறிவிட்டன என்பதை அப்போது நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. பொங்கல் கழிந்து பத்தாம் நாள், ஒரு துறையிலிருந்து மூன்று பேர் செல்லியம்மன் தோட்டத்துக்கு வந்தார்கள். எந்தத் துறை என்று எழுத மாட்டேன், இந்த வயதில் எனக்கு எதற்கு வம்பு. கையில் வரைபடம் வைத்திருந்தார்கள். நாலு வருஷமாகத் தொடர்ந்து இடுப்பளவு வெள்ளம், ஆகவே வசிக்கத் தகுதியற்ற இடம் என்றார்கள். கதவுகளில் நம்பர் எழுத ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து தெருவில் அன்புவுக்குப் 'புள்ளிக்காரி' என்று பெயர். குழாயடிக்கு அவள் போனால் பேச்சு நின்றுவிடும். அவள் வீட்டு முருங்கைக்காயைத் திருடித் தின்ற இசக்கியம்மாள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எல்லாம் என்னால வந்தது," என்றேன்.

"அத்த உடுங்கமா," என்றாள் அன்பு. "ஆபீஸ் ரூம்ல பிளாஸ்டிக் போட்டு ஒரு மேப்பு மாட்டிகீறாங்களே, வாரா வாரம் நான் தொடைக்கிறனே, அத்த எட்த்தாறீங்களா?"

பள்ளிக்கூட ஹாலில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்த அன்று, அந்த வரைபடத்தைப் பழைய போர்வையில் சுற்றிக் கடத்திக்கொண்டு போனேன். சங்கச் சொத்தைத் திருடியது எனக்கு அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

அந்தத் துறையின் அதிகாரி அரை மணி நேரம் பேசினார். அதில் 'அறிவியல்பூர்வமான தரவு' மட்டும் ஒன்பது தடவை வந்தது. எனக்கு எண்ணும் வியாதி உண்டு. அவர் உட்கார்ந்ததும் அன்பு எழுந்தாள். எழுந்தது யாருக்கும் தெரியவில்லை. ஆகையால் பெஞ்சின் மேல் ஏறிக்கொண்டாள்.

"சார், உங்க மேப்புல நாலு வருசம் மின்ன நவம்பர் பதினாலாந் தேதி பாருங்க, இடுப்பு. இந்த மேப்புல பாருங்க. அதே தேதி, அதே இடுப்பு, அதே நாப்பத்தி மூணு. ரெண்டும் நான் போட்டதுதான் சார், எங்க தெருத் தண்ணிதான். லாரிக்குப் பயந்துகினு புள்ளிய மட்டும் நான் வேல செய்ற தெருவுல வெச்சேன். அப்ப அவங்க கதவுல நம்பர் எழுதுனீங்களா? லாரி அனுப்புனீங்களா? கால்வா கட்டிக் குட்த்தீங்க. அதே தண்ணி எங்க தெருவுக்கு வந்தா மட்டும் இன்னாத்துக்கு சார் லாரி?"

அதிகாரி இரண்டு வரைபடங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இது உண்மையா? இதுக்குப் பொறுப்பாளர் யார்?" என்று கேட்டார்.

சங்கத்தின் சார்பில் வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த சுப்புராயன் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எழுந்தேன்.

"நான்தான். எங்க தெருவில செருப்புக்கு மேல தண்ணி வந்ததே இல்லை. தண்ணி இவாளோடது, கால்வாய் மட்டும் எங்களோடது. சந்தேகம் வந்தும் நான் பார்க்காம இருந்துட்டேன்," என்றேன்.

பின்னாலிருந்து ஒரு விசில் கேட்டது. திரும்பிப் பார்த்தால் இசக்கியம்மாள். அதிகாரி கோப்பை மூடி, மறுபரிசீலனை செய்கிறோம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. லாரி வரவில்லை, கால்வாயும் வரவில்லை. கதவு நம்பர்கள் வெயிலில் வெளுத்துக்கொண்டிருக்கின்றன. சுப்புராயன் என்னோடு பேசுவதில்லை, எனக்கு லாபம்தான். இப்போது சித்திரை வெயில். வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. ஆனால் தினம் காலை எட்டரைக்கு நாற்பத்து மூன்றாம் எண்ணிலிருந்து பதிவு வந்துவிடுகிறது: பூஜ்யம்.

நேற்று கேட்டேன், "பெய்யாத மழைக்கு எதுக்குடி கணக்கு?"

தேய்த்துக்கொண்டிருந்த குக்கரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "மழைக்கு இல்லமா. நாங்க இன்னும் இங்கதான் கீறோம்னு அவங்களுக்குத் தெரியட்டும்."