நாம் சொன்ன பிறகு வரும் சத்தம்

நேசன் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ஹரோ நகர் முழுவதும் வாணவெடி வெடித்துக்கொண்டிருந்த ஒரு நவம்பர் மாலையில் வந்தது. நான் வழக்கம்போலக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். அவருடைய மனைவி தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில், "நெஞ்சு நோகுது எண்டவர், சாந்தி. அம்புலன்ஸ் வர முதலே முடிஞ்சுது" என்றார். வெளியே அந்தச் சனியன் பிடித்த வெடி நிற்கவே இல்லை.

கவுன்சில் அலுவலகத்தில் எங்களோடு வேலை செய்த உங்களுக்கு அவரைப் பகிடிக்காரராகத் தெரியும். வெடி கேட்டால் அவரும் என்னைப் போலவே ஒளிந்தவர் என்பது தெரிந்திராது. இருவரும் யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குள் வளர்ந்தவர்கள். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது, வானில் எறியும் களிமண் தட்டைத் துவக்கால் சுடப் பழகுவதாகச் சொன்னார். "உங்களுக்கென்ன விசரோ?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அங்கை நாங்கள் 'புல்', அதாவது 'இழு' எண்டு இங்கிலீசிலை கத்தினாத்தான் தட்டை எறிவாங்கள். நான் சொன்னாப் பிறகுதான் சத்தம் வரும். அது எனக்குக் காணும்."

அந்தப் பேச்சுக்காகத்தான் நானும் போனேன். அவருடைய துவக்கால் பழகினேன். அனுமதிப் பத்திரம் கிடைத்ததும், தட்டுக்கும் வேட்டைக்கும் பொதுவாக, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் ஒரு செமி ஓட்டோத் துவக்குத் தேடி இருவரும் கடை கடையாக ஏறி இறங்கினோம். சுடும்போது பின்னுதை குறைவு என்பதால் என் தோளுக்கு அதுதான் சரி என்றார். நான் கம்பெனிப் பெயரைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். "பேரைப் பாக்காதை. கண்ணை மூடித் தோளிலை வை. திறக்கேக்கை குழல் நேரை நிண்டா, அதுதான் உன்ரை."

ஆனால் செமி ஓட்டோவில் அவருக்கு ஒரு பயமும் இருந்தது. மடித்துத் திறக்கும் இரட்டைக்குழல் வெறுமையாக இருந்தால் தூரத்தில் நிற்பவருக்கும் தெரியும். இது மடியாது. அதனால் தோட்டா போகும் வாயில் ஒரு செம்மஞ்சள் கொடியைச் செருகி வைப்பார்கள். அண்ணை அதற்கு முன் விரலையும் விட்டுத் தடவுவார். "கண்ணாலை பாத்தியள்தானே!" என்று ஒருமுறை எரிந்து விழுந்தேன். "வெறும் துவக்கு எண்டு நினைச்சவன்தான் என்ரை தம்பியைச் சுட்டவன்" என்றார். சுட்டவனும் சிநேகிதன்தானாம்.

புறா வேட்டைக்கு அவர் ஒரே தடவைதான் போனார். விழுந்த புறா உயிரோடு அவரைப் பார்த்ததாம். "தட்டு திரும்பிப் பாக்காது, சாந்தி" என்றார். பிறகு யார் அழைத்தும் போகவில்லை.

எனக்கான துவக்கை எடுக்க, அவர் போனதற்கு அடுத்த சனிக்கிழமை போவதாக இருந்தோம். செத்தவீடு முடிந்தபின் நான் தனியே போனேன். தட்டுக்கா வேட்டைக்கா என்று கடைக்காரர் கேட்டார். இரண்டுக்கும் என்றேன். பொய்தான், வேட்டைக்கு நான் போகப்போவதில்லை. வேறு என்னத்தைச் சொல்வது?

போன கிழமை அதோடு மைதானத்தில் நின்றேன். கொடியை உருவி, விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே குளிராக இருந்தது. தோட்டாவைப் போட்டபின் 'புல்' என்று கத்த எனக்கு வாய் வரவில்லை. காதடைப்பையும் மீறி, அவர் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து குரல் வந்தது. "சொல்லு, சாந்தி. நீ சொல்லாமல் ஒண்டும் வெடிக்காது."

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது தடவிப் பார்க்கும் இந்த விரலும் அந்த ஒரு சொல்லும்தான். திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. சொன்னேன். பிறகுதான் சத்தம் வந்தது.