கடலடிப் படத்துக்கு நான் செய்த டச்சப்

நான்கு வருடத்துக்கு முன்னால், ஓணம் முடிந்த மறு வாரம், திருவனந்தபுரத்தில் தம்பானூர் பக்கம் நான் வேலை பார்க்கும் பிரிண்டிங் கடையில் ஆரம்பித்தது இது. எனக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து அந்தக் கடையில்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாண ஆல்பம், வீட்டு பிளான், இறந்தவர்களுக்காகத் தெருமுக்கில் வைக்கிற ஃப்ளெக்ஸ் என்று எது வந்தாலும் முதலில் என் கைக்குத்தான் வரும்.

மணப்பெண் முகத்துப் பரு, லென்ஸில் ஒட்டிய தூசி, பழைய போட்டோவில் பூஞ்சை பிடித்த புள்ளி, இதையெல்லாம் கேட்காமலே துடைத்துக் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். டச்சப் வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. புள்ளியோடு பிரிண்ட் போட்டுக் கொடுத்தால்தான் சண்டைக்கு வருவார்கள்.

அன்றைக்கு வந்தவர் கழக்கூட்டத்தில் உள்ள ஒரு சர்வே கம்பெனிக்காரர். அவரை சார் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், மரியாதைக்காக அல்ல, பெயர் வேண்டாம் என்பதற்காக. படகிலிருந்து கடலுக்குள் ஒலியை அனுப்பி, அது தரையில் மோதித் திரும்புவதை வைத்துக் கடலடியைப் படமாக்குவது அவர்கள் தொழில். சோனார் படம் என்றார். ஆபீஸில் பெரிய பிரிண்டர் பழுதாகிவிட்டதாம், அதனால் பென் டிரைவோடு எங்களிடம் வந்திருந்தார்.

"சேச்சி, ஆறடி நீளத்துக்கு வேணும். வெளிச்சமும் இருட்டும் எல்லா இடத்திலயும் ஒரே போல வரணும். நாளைக்கு நாட்டுக்காருக்கு முன்னால காணிக்கணும். நல்ல வ்ருத்தியாயிட்டு இருக்கட்டும்."

நாட்டுக்கார் என்றால் ஊர்க்காரர்கள், வ்ருத்தி என்றால் இங்கே சுத்தம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் வேலையில் இறங்கினேன்.

படத்தைத் திறந்தால் செம்பு நிறம். படகு போய்வந்த ஒவ்வொரு தடமும் ஒரு பட்டை, ஒரு பட்டை வெளுப்பு, அடுத்தது கறுப்பு. அதையெல்லாம் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்து, ஒட்டுப்போட்ட கோடு தெரியாமல் இழைத்தேன். ஆல்பத்தில் குடும்பப் படத்தை இரண்டு பக்கத்துக்கு இணைக்கிறவளுக்கு அது பெரிய வேலை இல்லை. அப்புறம் பார்த்தால் படத்தின் ஒரு பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கறுப்பு வால். மழைக்காலத்தில் பீரோவுக்குள் கிடந்த போட்டோ மாதிரி இருந்தது. பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஒரு மணி நேரம் ஆனது. முடித்ததும் நன்றாக வந்திருக்கிறதே என்று எனக்கே ஒரு பெருமை.

இது என்ன புள்ளி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது என் தப்பு, அதற்கு நான் சாக்குச் சொல்லப்போவதில்லை.

மறுநாள் காலையில் சார் வந்து பிரிண்டை விரித்துப் பார்த்தார். புள்ளிகள் இருந்த பக்கத்தில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது. என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "கலக்கி, சேச்சி" என்று சொல்லிவிட்டுச் சுருட்டிக்கொண்டார். எனக்கு வாயெல்லாம் பல். போர்டில் சுருக்கம் விழாமல் ஒட்ட ஆள் வேண்டும் என்று கேட்டதால், கடை முதலாளி அண்ணன் என்னையே டேப்போடு அந்தக் காரில் அனுப்பிவைத்தார்.

போன இடம் நகரத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அங்கே ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். போர்டில் ஒட்டி முடித்து, டெலிவரி சீட்டில் கையெழுத்து வாங்கக் காத்து நின்றபோதுதான் விஷயம் எனக்குத் தெரிந்தது. கடலரிப்பைத் தடுக்கச் சுவர் கட்டுவதற்காக ஒரு கான்ட்ராக்டர் மிதவையில் பாறாங்கல் கொண்டுவந்திருக்கிறார். ஈஸ்டர் முடிந்த சமயத்தில் அந்த ஊர் அண்ணன் தம்பி இருவர் வழக்கமாக வலை போடும் இடத்தில் வலை எதிலோ மாட்டி, வள்ளம் கவிழ்ந்து, தம்பி வலைக்குள் சிக்கி இறந்துபோனான். மிதவையிலிருந்து விழுந்த கல்லில்தான் வலை மாட்டியது என்பது அண்ணனுடைய புகார். கல்லே விழவில்லை, இருவரும் குடித்துவிட்டு வள்ளத்தைக் கவிழ்த்திருப்பார்கள் என்பது கான்ட்ராக்டர் தரப்புப் பதில். யார் சொல்வது உண்மை என்று கடலடியைப் படமெடுத்துப் பார்க்கத்தான் இந்த சர்வே. அதற்கு ஆளை ஏற்பாடு செய்தது அதே கான்ட்ராக்டர் என்பதையும் அங்கேதான் கேள்விப்பட்டேன்.

சார் ஒரு நீள ஸ்கேலை எடுத்துப் படத்தின் மேல் ஓட்டினார். இதோ மணல், இதோ மணல், ஒரு கல்லாவது தெரிகிறதா என்று கேட்டார். புகாரை விசாரிக்க வந்து நடுவில் உட்கார்ந்திருந்த அரசு அதிகாரி தலையாட்டினார்.

அந்த அண்ணன் எழுந்தார். தம்பியை இழந்தவர், ஐம்பது வயதிருக்கும். நேராகப் படத்துக்குப் பக்கத்தில் வந்து, விரலை வைத்துத் தேட ஆரம்பித்தார்.

"நான் ரண்டு தடவை முங்கினேன் சாரே. வலையை விடுவிக்க கல்லைக் கையால பிடிச்சுப் பாத்தேன். கல்லு இல்லைன்னா நான் பின்ன எதைப் பிடிச்சேன்?"

யாரோ சிரித்தார்கள். அன்றைக்கு இரண்டு பேரும் குடித்திருந்தீர்களா என்று அதிகாரி கேட்டார், மழை பெய்ததா என்று கேட்கிற சாதாரணக் குரலில். அவர் தேடுவதை நிறுத்தவில்லை. அவர் விரல் ஓரிடத்தில் போய் நின்றது. கரையில் எந்த மரமும் எந்தக் கோபுரமும் நேர்வந்தால் எந்த இடம் என்று கணக்கு வைத்திருக்கிறவர் அல்லவா, படத்தின் ஓரத்தில் இருந்த கரைக்கோட்டைப் பார்த்துச் சரியாகத்தான் வைத்தார். முந்தின நாள் நான் அதிகமாகத் துடைத்த இடம் அதுதான்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் நாக்கு எழவில்லை. கூட்டம் முடிந்து சார் வெளியே வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"சார், அதுல நிறையப் புள்ளி இருந்துது. அழுக்குன்னு நினைச்சு நான்தான் துடைச்சு மாய்ச்சேன். ஒரிஜினல் கடையில இருக்கு, இப்பவே வேற பிரிண்ட் போட்டுத் தாறேன்."

அவர் திடுக்கிட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் போனிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

"டேப் ஒட்டிக் கழிஞ்சல்லோ? அப்ப சேச்சி போய்க்கோ."

அப்போதுதான் காலையில் அவர் கண் நின்ற இடமும், என்னைப் பார்த்த பார்வையும் எனக்கு விளங்கின. அந்த ஆளுக்குக் கடையிலேயே தெரியும். மணல் எது, கல் எது என்று பார்ப்பதற்குத்தானே அவருக்குச் சம்பளம்? தன் கையால் அழிக்கப் பயந்திருப்பார், அதிர்ஷ்டவசமாக ஒரு விவரமில்லாதவள் அழித்துக் கொடுத்தாள், வாயை மூடிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேட்டிருக்கிறேன். இங்கே சோறு நான். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

கடைக்கு வந்ததும் ஒரிஜினல் பைலைத் திறந்தேன். எந்தப் படத்திலும் கை வைக்கும் முன் ஒரு காப்பி எடுத்து வைப்பது என் பழக்கம். இப்போது தள்ளி நின்று பார்த்தால் குழந்தைக்குக்கூடப் புரியும். அந்தப் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லை. லாரியிலிருந்து ஜல்லி சிந்திக்கொண்டே போனால் ரோட்டில் எப்படி விழுமோ, அப்படி ஒரே வரிசையில் கரையை நோக்கிப் போயின. கறுப்பு வால் என்று நான் நினைத்தது ஒவ்வொரு கல்லின் நிழல்.

ஆறடிக்கு அதையே பிரிண்ட் போடப் போகிறேன் என்று கடை அண்ணனிடம் சொன்னேன். அவரும் எங்கள் ஊர்ப் பக்கம்தான்.

"பிள்ளே, கஸ்டமருக்க பைலை வெளிய குடுத்தா, நாளைக்கு ஒருத்தன் நம்ம கடைக்கு வருவானா?"

"அண்ணே, அந்த ஆளுக்க தம்பி செத்துப்போயாச்சு. குடிச்சிட்டுச் செத்தான்னு ஆக்கிப் போட்டாங்க. நான் மாய்ச்ச கல்லு அது."

அண்ணன் பிரிண்டரில் தாள் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு குடையை எடுத்தார். "நான் சாயா குடிச்சிட்டு வாறேன். அரை மணிக்கூர் ஆவும். நான் ஒண்ணும் கண்டிட்டில்ல."

மறுநாள் லீவு போட்டு, சுருளைப் பிளாஸ்டிக்கில் பொதிந்து, விசாரித்து விசாரித்து அந்த வள்ளக்கார அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவரும் மனைவியும் இருந்தார்கள். தரையில் விரித்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அந்த அம்மா என்னைத் திட்டிய திட்டு இங்கே எழுதக்கூடியது இல்லை. பிணத்துக்கே பவுடர் போடுகிற கூட்டம் நீங்கள் என்றார், அது மட்டும் எழுதலாம். நான் தலை நிமிரவில்லை. திட்டுவதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

அந்த அண்ணன் படத்தைச் சுற்றி முழங்காலில் நகர்ந்து நகர்ந்து பார்த்தார். கடைசியில் ஒரு புள்ளியில் விரலை வைத்தார்.

"இது எனக்க தம்பிக்க கல்லு."

எனக்கு ஆறுதலாக அவர் எதுவும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? "நீ இதை அவனுவளுக்க முன்னால வந்து சொல்லுவியா?" என்று மட்டும் கேட்டார். சொல்வேன் என்றேன்.

ஊர்க்காரர்கள் அந்த அதிகாரியின் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்து, மறுபடியும் கூட்டம் போட வைத்தார்கள். அதே ஹால், அதே போர்டு. இந்தத் தடவை புள்ளிகளோடு உள்ள படத்தை நானே ஒட்டினேன். நானே எழுந்து நின்று, இன்னின்னபடி நான் அழித்தேன் என்று சொன்னேன்.

சார் கொஞ்சம்கூட அசரவில்லை. "பிரஸ்ஸில் பற்றிய ஒரு தெற்று, சார்" என்று அதிகாரியிடம் சொன்னார். அச்சகத்தில் நேர்ந்த ஒரு தவறு. அவ்வளவுதான். அதிகாரியும் அப்படியா என்று எழுதிக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், ஒரிஜினல் உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இல்லையா? நான் அழிச்சதை முதல்ல பாத்தது நீங்கதானே? அன்னைக்கே உங்ககிட்ட வெளியில வச்சுச் சொன்னேனா இல்லையா?" என்று கேட்டேன். அதிகாரி என்னைப் பார்த்து, உங்கள் பாகம் முடிந்தது, உட்காருங்கள் என்றார். எய்தவன் இருக்க அம்பை நோவதாவது பழைய கதை. இங்கே எய்தவன் மேடையில் உட்கார்ந்து மிக்சர் தின்றான்.

ஆனால் கல் விஷயத்தை அதற்கு மேல் மூட முடியவில்லை. முங்கல்காரர்களை இறக்கிப் பார்த்தார்கள். படத்தில் இருந்தபடியே வரிசையாகக் கற்கள். அடுத்த மாதம் கிரேன் வந்து தூக்கிக்கொண்டு போனது. யாரும் கைதாகவில்லை, யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு கூட்டம் நடந்தது. அதற்கும் போனேன். நடவடிக்கைக் குறிப்பை வாசித்தார்கள். பிரிண்டிங் கடையின் தவறு காரணமாக முதலில் காட்டிய படம் தெளிவாக இல்லை என்று ஒரு வரி. சரி, நான் அதற்குத் தகுதியானவள்தான், இருக்கட்டும். முதல் கூட்டத்துக் குறிப்பையும் சேர்த்தே வாசித்தார்கள். சகோதரர்கள் சம்பவத்தின்போது மது அருந்தியிருந்ததாகத் தெரிகிறது என்ற வரி அதில் அப்படியே இருந்தது.

அந்த அண்ணன் எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"சாரே, அந்த ஒரு வரியை மட்டும் மாய்ச்சுத் தரணும். எனக்க தம்பி குடிக்கமாட்டான்."

ஒருமுறை எழுதிய குறிப்பை அழிக்கச் சட்டத்தில் இடமில்லை, வேண்டுமானால் கீழே ஒரு விளக்கம் சேர்க்கலாம், அதற்குத் தனி மனு கொடுங்கள் என்று அதிகாரி சொன்னார். மனு கொடுத்தார். நானே டைப் செய்து கொடுத்தேன். பதில் வரவில்லை.

ஆள் உயரக் கற்களை, ஒரு மனுஷனைக் கொன்ற கற்களை, சாயா குடித்துக்கொண்டே ஒரு மணி நேரத்தில் என்னால் அழிக்க முடிந்தது, யாரும் தடுக்கவில்லை. ஒரு பொய்யை அழிக்கச் சொன்னால் மட்டும் இவர்களுக்குச் சட்டம் ஞாபகம் வருகிறது. விடு, நாலு வருஷமாகிவிட்டதே என்று வீட்டில் சொல்கிறார்கள். எப்படி விட? ஏதோ ஓர் அலமாரியில் கிடக்கும் அந்தத் தாளில் அந்தத் தம்பி இன்றைக்கும் குடித்துவிட்டுச் செத்தவன்தான், அதை நினைக்கும்போது வருகிற கோபத்தில் பாதி என் மேலேயே என்பதால் அது ஆறுவதாக இல்லை.