தலையெண்ணியின் பட்டியல்

பல்கலைக்கழக வேனை ஓட்டுகிறவருக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் தலையெண்ணி. அது அவர் காதுக்கு எட்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தெரியாமல் அந்த வேனில் ஒரு ஜன்னல்கூடத் திறக்காது. பட்டப்பெயர் மட்டும் தெரியாமல் போய்விடுமா?

சந்தேகம் அவரோடு கூடப் பிறந்தது. கடைக்காரர் தராசைத் தொட்டால் விரலைப் பார்ப்பார். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை நான்கு தரம் இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து ஐந்தாவது தரமும் இழுப்பார். "உங்களுக்குச் சந்தேகம் வராத அன்னிக்குத்தான் நான் டாக்டரக் கூப்பிடணும்" என்பாள் மனைவி. அந்தப் பேச்சில் ஏதாவது உள்குத்து இருக்குமோ என்று ஒரு வாரம் யோசித்தார்.

இப்படிப்பட்டவர் கையில் போய் அலுவலகம் பட்டியலைக் கொடுத்திருந்தது. சனிக்கிழமை மதியம் பதினான்கு மாணவர்கள் வேனில் ஏறி, ஊருக்கு வெளியே இருக்கும் ஆரம்பப் பள்ளிக்குப் போய், வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுக்க வேண்டும். இப்படி நாற்பது மணி நேரம் சேர்ந்தால்தான் கடைசி ஆண்டுத் தேர்வு எழுதலாம். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பள்ளியை யாரும் கேட்பதில்லை. வேன் பட்டியலில் போகும்போது ஒரு டிக், வரும்போது ஒரு டிக், அவ்வளவுதான். ஓட்டுநருக்குச் சந்தேகமிருந்தால் பெருக்கல் குறி போடலாம். மூன்று பெருக்கல் விழுந்தால் பெயர் நீக்கம். பதினோரு வருஷமாக அந்தப் பட்டியலில் அடித்தல் திருத்தல் கிடையாது. அதில் அவருக்குக் கர்வம் உண்டு.

அன்று வெயில் தாங்காமல் வேனைப் பள்ளியின் பின்பக்கம் மரத்தடியில் நிறுத்தியிருந்தார். முன்வாசலில் நுழைந்ததை அவர் கண்ணால் பார்த்த பெண், ஐந்து நிமிஷத்தில் பின்கதவு வழியாக வெளியே வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து யாரோடும் பேசாமல் வருகிற பெண். தோளில் பெரிய பை. இடமும் வலமும் பார்த்துவிட்டு விறுவிறுவென்று எதிர்ச்சந்துக்குள் போனாள். வேன் புறப்படும் நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காததுபோல் மற்றவர்களோடு நின்றாள்.

தலையெண்ணிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பையில் என்ன? மாற்றுத் துணியா? சந்துக்குள் காத்திருக்கிறவன் யார்? நம்மை ஏமாளி என்று நினைத்துவிட்டாளே! முதல் பெருக்கல் விழுந்தது.

அடுத்த சனிக்கிழமையும் மரத்தடியில் வண்டியைப் போட்டுக் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தார். இம்முறை அவள் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. வேன் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டு வேறு போனாள். "குளிர் விட்டுப்போச்சு" என்று பல்லைக் கடித்தார். இரண்டு. அதற்கடுத்த வாரம் மூன்று.

நான்காவது வாரம் வேனில் பதின்மூன்று தலைகள்தான். முன்சீட்டு மாணவன் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "ஒரு வீட்டுல போயி சொல்லிக்குடுத்தேன்னு ஆபீஸ்ல அழுதாளாம். பதினோரு வருஷமா அந்த லிஸ்ட் தப்பானதே இல்லன்னு அனுப்பிட்டாங்களாம். இந்த வருஷம் பரீட்சை கெடையாது." வீடாம், காதில் பூ சுற்றுகிறாள் என்று தலையெண்ணி கியரை மாற்றினார்.

பள்ளியில் வண்டி நின்றதும் தலைமை ஆசிரியை தேடிக்கொண்டு வந்தார்.

"கடைசி சீட்டுப் பொண்ணு எங்கங்க? கால் ஒடஞ்ச பிள்ள காத்துக்கிட்டு இருக்கு. நாந்தான் வாராவாரம் அது வீட்டுக்கே இவள அனுப்பறேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?"

"உங்ககிட்ட எதுக்குங்க? நீங்க வண்டி ஓட்டறவர்தானே?"

அப்போதும் அவர் நம்பிவிடவில்லை. சந்துக்குள் போய் அந்த வீட்டை எட்டிப் பார்த்தார். கட்டிலில் ஏழு வயதுச் சிறுமி. காலில் மாவுக்கட்டு. கட்டு முழுக்கக் கோணல்மாணலாக எழுத்துகள். தலைமாட்டில் படப் புத்தகங்கள். அவருக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பிள்ளை கழுத்தை நீட்டிப் பார்த்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே வந்தார்.

திங்கட்கிழமை காலை, தலைமை ஆசிரியையின் கடிதத்தோடு அலுவலகத்தில் போய் நின்றார். அதிகாரி அம்மாள் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கையெழுத்தைப் பார்த்தார்.

"பதினோரு வருஷமா ஒரு புள்ளிகூட மாத்தாதவரு, இப்ப மட்டும் ஏன்?"

"தப்பா போட்டுட்டேம்மா."

"அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?"

"உறவெல்லாம் இல்லம்மா."

"அவங்க வீட்டாளுங்க யாராவது வந்து உங்களப் பாத்தாங்களா?"

அவர் முகம் சுருங்கிப்போனது. கோபம் வந்தது, ஆனால் யார் மேல் படுவது? அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தால் இதையேதான் கேட்டிருப்பார். அம்மாள் பள்ளிக்குப் போன் போட்டு, குறுக்கும் நெடுக்குமாக விசாரித்து, கடைசியில் மூன்று பெருக்கலையும் அடித்தார். "இனிமே பட்டியல பசங்களே எழுதட்டும். நீங்க வண்டிய மட்டும் பாருங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். தாழ்வாரத்துப் பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"சரி பண்ணியாச்சும்மா. நீ பரீட்சை எழுதலாம்."

அவள் நன்றி சொல்லவில்லை.

"அந்தச் சந்துல ஆள் நடமாட்டமே கெடையாதுண்ணே. மொத வாரம் உயிரக் கையில புடிச்சுக்கிட்டுப் போனேன். திரும்பி வரும்போது உங்க வண்டியப் பாத்தேன். எனக்காகத்தான் வாராவாரம் அங்க நிக்கறீங்கன்னு நெனச்சேன்."